தண்ணீர் கேட்காமல் பூக்கும் பெருங்கற்றாழைகள்

குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம்! 2024 மார்ச் மாதத்தில் பெங்களூர் குடிநீர் வாரியம் இப்படி ஓர் உத்தரவு போட்டது. பிறகும் அதே தவறைச் செய்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல் அபராதம். கார் கழுவுவது, கட்டட வேலை, அலங்கார நீரூற்று ஆகியவற்றோடு தோட்டமும் அந்தத் தடைப் பட்டியலில் இடம் பெற்றது. 2025 பிப்ரவரியிலும் இதே உத்தரவு மீண்டும் வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. 2024 கோடையில் நகரத்தின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றிவிட்டன. லாரித் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. காவிரித் தண்ணீரோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு அதை மூன்று கட்டங்களாக மின்சாரப் பம்புகள் மூலம் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அப்படி ஏறி வந்த தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுவது யாருக்கும் மனம் ஒப்பாத காரியம்தான்.

ஆனால் தோட்டம் என்பது வீட்டுக்காரரின் ஆசை மட்டும் அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கம்பெனி வளாகங்களிலும் தோட்ட வேலை பார்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் தமிழர்களும் உண்டு. தண்ணீர் நின்றால் தோட்டம் காயும். தோட்டம் காய்ந்தால் தோட்டக்காரருக்கு வேலை ஏது? ‘தண்ணீர் இல்லாவிட்டாலும் இந்தச் செடி நிற்கும், பூவும் பூக்கும்’ என்று சொல்லத் தெரிந்த தோட்டக்காரரை எந்தக் குடியிருப்புச் சங்கமும் எளிதில் அனுப்பிவிடாது.

அப்படிப்பட்ட செடி இருக்கிறதா? இருக்கிறது. அதுதான் ஆள் உயரமும் அதற்கு மேலும் வளரக்கூடிய பெருங்கற்றாழை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

நாம் அறிந்த கற்றாழை வேறு

கற்றாழை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று, வீட்டு வாசலில் தொங்கும் சோற்றுக் கற்றாழை. மற்றொன்று, ஊருக்குப் போகும்போது ரயில் பாதை ஓரத்தில் வேலியாகத் தெரியும் ஆனைக் கற்றாழை.

இரண்டும் ஒரே குடும்பம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. ஆனைக் கற்றாழை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. ‘அகேவ்’ என்பது அதன் பெயர். பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரே ஒரு முறை கம்பம் போல் பூத்தண்டு விட்டு, அத்துடன் செத்துப்போகும். இலையைக் கிழித்தால் உறுதியான நார் வரும்.

சோற்றுக் கற்றாழை ‘அலோ’ இனத்தைச் சேர்ந்தது. இலையை ஒடித்தால் உள்ளே நாருக்குப் பதில் சோறு இருக்கும். ஆண்டுதோறும் பூக்கும், பூத்தாலும் சாகாது. இந்த அலோ இனத்தில் 500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரேபியா ஆகிய பகுதிகளுக்கு உரியவை. சில, உள்ளங்கை அளவுதான். சில, மாடி வீட்டைத் தாண்டும் மரங்கள்!

நர்சரியில் ‘பெரிய கற்றாழை’ என்று மட்டும் கேட்டால் ஆனைக் கற்றாழையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘அலோ’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. அந்த வழியாகவே உள்ளே இருக்கும் ஈரமும் வெயிலில் ஆவியாகப் போய்விடுகிறது. கற்றாழை புத்திசாலி. பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. வெயில் தாழ்ந்து இரவு குளிர்ந்த பிறகே திறக்கிறது. இரவில் வாங்கிய காற்றைச் சேமித்து வைத்துப் பகல் வெளிச்சத்தில் உணவு சமைக்கிறது. போதாக்குறைக்கு, மழையில் குடித்த தண்ணீரைத் தடித்த இலைகளில் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது.

இதை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்து சதுர மீட்டர் புல்தரை என்றால் 50 லிட்டர். மாதத்துக்கு 1,500 லிட்டர். அதே இடத்தில் மூன்று பெருங்கற்றாழைகளை வைத்து, முதல் இரண்டு கோடைகளில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை செடிக்குப் பத்து லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 60 லிட்டர்தான் ஆகும். அதற்கு அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீருமே போதும். வேர் நன்றாக ஊன்றிய பிறகு, அதாவது மூன்றாவது ஆண்டிலிருந்து, பெங்களூர் மழையே போதுமானது.

காய்ந்த மாதத்தில் பூ

இன்னொரு சிறப்பும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பெருங்கற்றாழைகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் பூக்கின்றன. அங்கே குளிர்காலம் என்பது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. பூமத்திய ரேகைக்கு வடக்கே கொண்டுவந்து வளர்க்கும்போது அவை இங்குள்ள பருவத்துக்குப் பழகி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கின்றன.

பெங்களூரில் மழை அநேகமாக இல்லாத மாதங்கள் அவைதான். மற்றச் செடிகள் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் நேரத்தில், சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கற்றாழைப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். பூக்கள் குழல் வடிவம் கொண்டவை, தேன் நிறைந்தவை. எனவே தேன்சிட்டுகளும் தேனீக்களும் தேடி வரும்.

எந்த மழையில் பிறந்தது?

செடியை வாங்குவோர் பெரும்பாலும் பூவின் படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி பூவின் நிறம் பற்றியது அல்ல. ‘இந்தச் செடி எந்த மழையில் பிறந்தது?’ என்பதுதான் அந்தக் கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் இருவகை மழை உண்டு. கேப்டவுன் நகரைச் சுற்றியுள்ள மேற்குப் பகுதியில் குளிர்காலத்தில் மழை பெய்யும், கோடை வறண்டிருக்கும். கிழக்கிலும் வடகிழக்கிலும் இதற்கு நேர்மாறு. அங்கே வெயில் காலத்தில் மழை, குளிர்காலம் வறட்சி.

பெங்களூரில் மழை மே மாதம் முதல் அக்டோபர் வரை. குளிர்காலம் வறட்சி. ஆகவே கிழக்குப் பகுதிக் கற்றாழைக்கு இந்த ஊர் தாய்வீடு மாதிரி. மேற்குப் பகுதிக் கற்றாழையோ வெயில் காலத்தில் உறங்கும் பழக்கம் உள்ளது. அது உறங்கும் நேரத்தில் இங்கே மழை கொட்டுகிறது. வேர் அழுகிவிடுகிறது. வளர்த்தவர், ‘கற்றாழைகூட என் கையில் பிழைக்கவில்லையே’ என்று நொந்துகொள்கிறார். குற்றம் கையில் இல்லை, தேர்வில்தான்.

விசிறிக் கற்றாழை இதற்கு நல்ல உதாரணம். இலைகள் விசிறி போல் இரு பக்கமும் அடுக்கடுக்காக விரியும் மிக அழகான செடி. மேற்குக் கேப் மலைச்சரிவுகளில் வளர்வது. அங்கேயும் மழைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது குளிர்கால மழை. எனவே பெங்களூரில் தரையில் நடுவதற்கு அது ஏற்றதல்ல. அம்புக்கூடு மரம் எனப்படும் ‘டைகோடோமம்’ கற்றாழையும் அப்படியே. நமீபியாவையும் அதை ஒட்டிய வறண்ட பகுதியையும் சேர்ந்தது அது. சான் பழங்குடியினர் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைக்கும் கூடாகப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர் வந்தது. அதற்கு நம் மழைக்காலம் ஆகாது.

ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களைப் படிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கற்றாழைத் தோட்டம் பற்றிய அழகிய படங்கள் பலவும் தென் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள ஹன்டிங்டன் தோட்டத்தின் பாலைவனப் பகுதி 1907-ல் தொடங்கப்பட்டது. உலகப் புகழ் பெற்றது. ஆனால் கலிபோர்னியாவில் பெய்வது குளிர்கால மழை. அங்கே தழைக்கும் செடி எல்லாம் இங்கே தழைக்கும் என்று சொல்ல முடியாது.

எந்த இடத்துக்கு எந்தச் செடி?

பெங்களூருக்குப் பொருந்தும் பெருங்கற்றாழைகளில் முக்கியமானவை இவை:

*அலோ ஆர்போரசென்ஸ்:* புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. ஒரே தண்டாக நிற்காமல் பல கிளைகள் விட்டுப் புதராக இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வளரும். பூ ஆரஞ்சு கலந்த சிவப்பு. மஞ்சள் வகையும் உண்டு. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி இதை உயிர்வேலியாக நடுவது வழக்கம். ஊர் பெயர்ந்த பிறகும் வேலி மட்டும் நின்றுகொண்டிருக்கும் இடங்கள் உண்டு. கிளையை ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் இருந்தால் பத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.

*அலோ பெராக்ஸ்:* ஒற்றைத் தண்டு. இரண்டு, மூன்று மீட்டர் உயரம். உச்சியில் கிளைவிளக்கு ஏற்றி வைத்ததுபோல் ஐந்து முதல் எட்டு வரை நிமிர்ந்த பூங்கதிர்கள் எழும். நிறம் செந்தழல். குளிர்கால மழைப் பகுதியிலும் கோடை மழைப் பகுதியிலும் இயற்கையாக வளர்வதால், வாங்கும்போது கிழக்குப் பகுதி விதையில் வந்ததா என்று கேட்பது நல்லது. இலை ஓரங்களில் முள் உண்டு.

*அலோ மார்லோத்தி:* மலைக் கற்றாழை. தாவர அறிஞர் ருடால்ப் மார்லோத்தின் பெயரால் அழைக்கப்படுவது. கோடை மழைப் பகுதிக்கே உரியது. ஆகவே பெங்களூருக்கு மிகவும் பொருத்தம். இரண்டு முதல் நான்கு மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். பூங்கதிர்கள் மேல்நோக்கி நிற்காமல் பக்கவாட்டில் படுத்தாற்போல் நீண்டிருக்கும். இதை வைத்தே இதனை அடையாளம் கண்டுகொள்ளலாம். இலையின் ஓரத்தில் மட்டும் அல்லாமல் பரப்பிலும் முள் இருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் இதை நடக் கூடாது.

*அலோ வாவோம்பே:* மடகாஸ்கரின் தென்பகுதியைச் சேர்ந்தது. ஒற்றைத் தண்டு, சுமார் மூன்று மீட்டர் உயரம். பூ நல்ல சிவப்பு. வறட்சியில் இலைகளே சிவந்து அழகு காட்டும்.

*அலோ திராஸ்கி:* இந்தியப் பெருங்கடலை ஒட்டிய தென்னாப்பிரிக்க மணல்மேடுகளில் வளர்வது. மஞ்சள் பூ. உப்புக் காற்றைத் தாங்கும். கடற்கரை ஊர்களில் வசிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செடி.

*அலோ பார்பரே:* இது செடி அல்ல, மரம். 18 மீட்டர் வரை வளரக்கூடியது. இளஞ்சிவப்புப் பூ. பள்ளி மைதானம், தொழிற்சாலை வளாகம், பூங்கா போன்ற இடங்களுக்கே இது ஏற்றது. வீட்டுச் சுவரை ஒட்டி நட்டால் அடிமரம் பெருத்துச் சுவருக்கே ஆபத்து. 2013-க்குப் பிறகு தாவர அறிஞர்கள் மரக் கற்றாழைகளை ‘அலோயிடென்ட்ரான்’ என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். நர்சரியில் எந்தப் பெயரில் இருந்தாலும் செடி ஒன்றே.

30-க்கு 40 மனையில் என்ன செய்வது?

பெங்களூர் குடியிருப்புகளில் 30 அடிக்கு 40 அடி மனைதான் அதிகம். வீடு கட்டியது போக மிஞ்சுவது வாசலில் ஒரு துண்டு நிலம். அதில் ஸ்கூட்டரும் நிற்க வேண்டும். அங்கே மார்லோத்தியை வைத்தால் போகும்போதும் வரும்போதும் சட்டையைக் கிழிக்கும். நன்கு வளர்ந்த பெராக்ஸ் செடியின் இலைவட்டமே ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். நர்சரியில் ஒரு சாண் இருக்கும் செடியைப் பார்த்து இடம் ஒதுக்கக் கூடாது. பத்து ஆண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்று பார்த்து ஒதுக்க வேண்டும். சிறு மனைக்கு, சுவர் ஓரமாக ஓர் ஆர்போரசென்ஸ் புதர் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? அரை டிரம்மில் அடியில் நான்கைந்து ஓட்டை போட்டு, ஆர்போரசென்ஸ் அல்லது பெராக்ஸ் வைக்கலாம். வீடு மாறும்போது செடியும் கூடவே வரும்.

மும்பையில் நான்கு மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுவதால், அங்குள்ளவர்களுக்கும் தொட்டிதான் உகந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க...

பெருங்கற்றாழைகள் எல்லா நர்சரியிலும் கிடைப்பதில்லை. கள்ளி வகைகளை வளர்க்கும் நர்சரிகளில் விசாரிக்க வேண்டும். ஜனவரியில் போவது நல்லது. பூத்திருக்கும் காலம் ஆகையால் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

கற்றாழைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்து கலப்பினம் உண்டாகும். ஆகவே விதையில் முளைத்த நாற்று தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று உறுதி கூற முடியாது. பெராக்ஸ், மார்லோத்தி இரண்டும் பக்கக் கன்று விடுவதில்லை, விதைதான் வழி. விதையிலிருந்து பூக்க நான்கைந்து ஆண்டோ, அதற்கு மேலுமோ ஆகும். பொறுமை வேண்டும்.

தண்டின் அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி உறுதியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நடுக்குருத்து புதிதாகவும் பசுமையாகவும் இருக்க வேண்டும். பெரிய செடியைக் காசு கொடுத்து வாங்குவதைவிட, வேர் நன்றாக உள்ள சிறிய செடி மேல். அது சீக்கிரம் ஊன்றிக்கொள்ளும்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினரிடம் ‘வரும்போது பெட்டியில் இரண்டு கன்று போட்டு வா’ என்று சொல்லிவிட வேண்டாம். சோற்றுக் கற்றாழை நீங்கலாக, அலோ இனச் செடிகள் அனைத்தும் சர்வதேச வனவுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. அனுமதிச் சீட்டும் தாவர நோய்ச் சோதனைச் சான்றும் இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும்.

நடும் முறை

கற்றாழையைக் கொல்வது வறட்சி அல்ல, தேங்கும் தண்ணீர். பெங்களூர்ச் செம்மண் மழையில் இறுகிவிடும். எனவே பள்ளம் தோண்டி நடாமல், ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பருமணலும் பொடி ஜல்லியும் சேர்ந்து ஒரு பங்கு, மக்கிய எரு கொஞ்சம். இதுவே போதும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் செடி உயிரோடு இருக்கும், பூக்காது.

மாசி, பங்குனி மாதங்கள் நடுவதற்கு ஏற்றவை. மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். கிளையை வெட்டி நடுவதானால், வெட்டுவாய் காயும்படி ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்துப் பிறகு நட வேண்டும். நட்டவுடன் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இதற்கு ஆகாது. ஒரு வாரம் கழித்து ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டாம்.

அடி இலைகள் காய்ந்து தண்டைச் சுற்றிப் பாவாடை போல் தொங்கும். நோய் என்று பயப்பட வேண்டாம். காட்டுத்தீ வரும்போது தண்டைக் காப்பாற்ற இயற்கை கொடுத்த கவசம் அது. வீட்டுத் தோட்டத்தில் வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம்.

பயப்பட வேண்டியது வேறு. பூத்தண்டிலோ இலை அடியிலோ கட்டி கட்டியாகப் புடைத்துக் கோணலாக வளர்ந்தால், அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்யும் வேலை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து எரித்துவிட வேண்டும். கத்தியையும் கழுவித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செடிக்கும் பரவும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடலாம்.

சாப்பிட வேண்டாம்!

ஓர் எச்சரிக்கை. சோற்றுக் கற்றாழை மாதிரி இதுவும் மருந்துதானே என்று யாரும் இதன் சோற்றை எடுத்துச் சாப்பிடக் கூடாது. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்கப்படுவது கற்றாழையின் கசப்புப் பால் உறைந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் பெராக்ஸ் செடியின் பாலைக் காய்ச்சி அவ்வாறு ஏற்றுமதி செய்கிறார்கள். அது கடுமையான பேதி மருந்து. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து. கற்றாழைகளில் நஞ்சுள்ள வகைகளும் உண்டு. பெருங்கற்றாழையைக் கண்ணால் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வரும் மாசியில் ஓர் ஆர்போரசென்ஸ் கிளை கிடைத்தால், மேடு கட்டி நட்டுப் பாருங்கள். வேர் பிடித்த பிறகு லாரித் தண்ணீரை எதிர்பார்க்காது. குழாயில் தண்ணீர் வராத மார்கழி, தை மாதங்களிலும் அது பூத்து நிற்கும்.